காற்று எந்தப் பக்கம் போகிறது

மார்ச் 4, செவ்வாய்

கடைசியில் அறை அமைதியாகிவிட்டது.

இத்தனை வருடமாக மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த பழைய கணினிப் பெட்டி போய்விட்டது, புதுப் பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம். என் வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து சுவரில் துளை போட்டார். நான்கு கேபிள்களை நுழைத்து, பெட்டியைப் பக்கத்துச் சின்ன அறையில் வைத்தாயிற்று. இந்த அறையில் இப்போது திரை, கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், நான். மைக்கைத் திறந்து வைத்துப் பதிவு செய்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அத்தனை அழகான ஒன்றுமில்லை!

புது நாடகத்துக்கு இந்த அமைதி வேண்டும். பதினான்கு வருடமாக நாடகங்களுக்குக் கணினியில் இசை போடுகிறேன். இப்படி ஒரு வேலை வந்ததில்லை. துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் குடும்பத்தின் கதை. முதல் காட்சியில் வசனமே கிடையாது, காற்று மட்டும்தான். "கடல் இடப்பக்கம், ஊரு வலப்பக்கம். காத்து கடல்ல கெளம்பி, பாக்கறவங்க தலைக்கு மேல போயி, ஊருக்குள்ள நுழையணும். எல்லார் கழுத்தும் அதோட சேந்து திரும்பணும்" என்றார் இயக்குநர். அந்த அம்மா கேட்பதெல்லாம் இப்படித்தான். மே பத்தாம் தேதி அரங்கேற்றம்.

பழைய பெட்டிக்கு இருபது ஒலித் தடத்துக்கே மூச்சு வாங்கும். இன்று புதியதில் அறுபத்திரண்டு தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓடவிட்டேன். எல்லாமே காற்று. பாட்டில் வாயில் ஊதியது, ஜன்னல் இடுக்கில் பிடித்தது, தார்ப்பாய் படபடத்தது. ஒரு திக்கல் இல்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே.

மார்ச் 6, வியாழன்

அவருடைய அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாகப் பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் குழிகளில் ஏறி இறங்கியவர், சொந்த வீட்டு ஸ்டூலிலிருந்து விழுந்திருக்கிறார். தனி ஆள். இரண்டு மாதமாவது ஆகுமாம்.

"இங்க கூட்டிட்டு வந்துடலாமா?" என்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பின்ன எங்க போவாங்க?" என்றேன். உடனே சொல்லிவிட்டேன். ஆனால் மனசு அவ்வளவு சுத்தம் இல்லை. கல்யாணமான புதிதில் அண்ணி இந்த அறையை எட்டிப் பார்த்து, "இது வேலையா, வெளையாட்டா?" என்று கேட்டார். பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் உள்ளே கிடக்கிறது.

மார்ச் 8, சனி

அண்ணி வந்தாயிற்று. முழங்கால் வரை மாவுக்கட்டு. சின்ன அறையில் கட்டில் போட்டோம். கணினிப் பெட்டியைப் பார்த்ததும், "இவரு யாரு, எனக்கு முன்னாடியே குடி வந்தவரா?" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் எழுந்தபோது வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி. ஜலதோஷம் என்று நினைத்தேன். கொஞ்சம் தலைசுற்றல். காபி குடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

ஹெட்போனில் வலப்பக்கம் பேச்சுமூச்சில்லை. ஒயர் அறுந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டினேன். காணாமல் போன வலப்பக்க இசை முழுதும் இடது காதில் தெளிவாக வந்தது.

அறுந்தது ஒயர் இல்லை.

மார்ச் 12, புதன்

காது ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க." இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு வலது காது. கையில் பட்டனோடு காத்திருந்தேன். காத்திருந்தேன். கூண்டுக்கு வெளியே அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். அப்படியென்றால் சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உள்காது நரம்பாம். ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். மாத்திரை, பிறகு செவிப்பறை வழியாக ஊசி. "சிலருக்கு வரும், சிலருக்குக் கொஞ்சம் வரும், சிலருக்கு வராது. மறுநாளே வந்தீங்களே, அது நல்லது" என்றார் டாக்டர். "நான் மியூசிக் போடுறவ டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "இடது காது ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

ஊரில் பாதிப் பேரின் கண்ணைச் சரிசெய்கிறவர் என் வீட்டுக்காரர். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 14, வெள்ளி

செத்த காதுக்குள் ஓயாமல் ஒரு விசில். கணினியில் ஒற்றைச் சுருதியை ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறாயிரத்து நூறு ஹெர்ட்ஸ். இரண்டு சுரங்களுக்கு நடுவில் தொங்குகிறது. வந்ததுதான் வந்தாய், சுருதி சேர்ந்து வரக் கூடாதா?

மார்ச் 20, வியாழன்

இயக்குநரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். காற்றை முடித்து நேற்று அனுப்பினேன். ஒரு காதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. ஆனால் திரையில் அளவுக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, பச்சை இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு. அதைப் பார்த்தே செய்தேன்.

இன்று போன் வந்தது. "என்னம்மா இது? காத்து போகவே இல்ல. இங்க நிக்குது, திடீர்னு அங்க நிக்குது. வலப்பக்கம் காது கிழியுது."

"கோப்பு கெட்டுப்போச்சு போல. கொஞ்ச நாள் குடுங்க, சரிபண்ணித் திருப்பி அனுப்புறேன்" என்றேன்.

பொய். பதினான்கு வருடத்தில் அவரிடம் முதல் பொய். ஏன் இப்படிச் செய்தேன்? வேலை போனால் நான் யார்? இந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்வேன்?

மார்ச் 24, திங்கள்

காலையில் சின்ன அறையிலிருந்து அண்ணி கூப்பிட்டார். "உன் பெட்டியில ஒரு விசிறி நொண்டுது."

எனக்கு இருந்த எரிச்சலில், "அதெல்லாம் புதுசு அண்ணி" என்றேன்.

"புதுசோ பழசோ. நாள் முழுக்க இதுகூடத்தான படுத்திருக்கேன்? மூணு விசிறி. ரெண்டு ஒழுங்கு. ஒண்ணு மட்டும் அப்பப்ப இழுத்து இழுத்து மூச்சு விடுது. பேரிங் போகப் போகுது, பாத்துக்க."

குனிந்து இடது காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. மூடியைக் கழற்றிப் பின்பக்க விசிறியைத் தொட்டேன். கடகடவென்று ஆடியது! அது நின்றிருந்தால் உள்ளே சூடேறி வேலைக்கு நடுவில் எல்லாம் அணைந்திருக்கும். பதறிப்போய்க் கடைக்கு ஓடி மாற்று விசிறி வாங்கி வந்து பொருத்தினேன்.

"எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க?"

"கதவ சாத்திக்கிட்டு மோட்டார் சத்தத்த வச்சே எந்த மாடியில என்ன பழுதுன்னு சொல்லணும், அதான் என் பொழப்பு. உன் பெட்டி எம்மாத்திரம்?"

மார்ச் 29, சனி

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

ஐந்து நாளாக யோசித்துவிட்டு இன்று அண்ணியிடம் கேட்டேன். "ஒரு சத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டுச் சொல்றீங்களா?" அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், என் இடத்தில் உட்கார வைத்தேன். காற்றை ஓடவிட்டேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"கெளம்பும்போதே குலுக்குது. ம்... ரெண்டாவது மாடில நின்னுடுச்சு. ஆள் ஏறுறாங்களா? இப்ப திடீர்னு அஞ்சாவதுக்கு எகிறிடுச்சு. நடுவுல மூணு, நாலு காணோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது. அண்ணி பதறவில்லை. அழுது முடிக்கும்வரை மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு நாளா ஏன் என்னக் கேக்கல? செவுத்துக்கு அந்தப் பக்கம்தான கெடக்கேன்?"

வாயில் வந்துவிட்டது. "நீங்க அன்னைக்கிக் கேட்டீங்களே அண்ணி. இது வேலையா வெளையாட்டான்னு."

அவருக்கு ஞாபகமே இல்லை! பதினோரு வருடம் நான் சுமந்துகொண்டு திரிந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. வெகுநேரம் யோசித்தார். "கேட்டிருப்பேன். என் வாய் அப்படி" என்றார். பிறகு, "வேலதாம்மா. என் வேலையவிடக் கஷ்டம். லிஃப்டு மேல போகும், கீழ வரும். உன்னுது கண்ட பக்கமும் போகுது. சரி, மறுபடி போடு. ரெண்டாவது மாடியிலேருந்து."

ஏப்ரல் 2, புதன்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஊன்றுகோலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கிறார். காற்று எங்கே இருக்கிறதோ அங்கே ஊன்றுகோல் போகிறது. அது தயங்கும் இடத்தை, குதிக்கும் இடத்தைப் பார்த்துத் திரையில் கோட்டைத் திருத்துகிறேன். ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு கோடு, அறுபத்திரண்டு கோடுகள். இன்று ஒன்பது முடிந்தது. அண்ணியின் தோள் வலிக்கிறதாம். தைலம் தேய்த்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

காற்றைத் திருப்பி அனுப்பினேன். பத்தாவது நிமிடம் போன். "இதாம்மா காத்து! என் புடவை பறக்குது!"

சந்தோஷப்பட வேண்டியவள் நான். சோறு இறங்கவில்லை. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சொல்லிடு" என்றார்.

"வேலை போயிடும் அண்ணி."

"போலாம். ஆனா கயிறு தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் ஆள ஏத்துறது எனக்குப் பிடிக்காது. ஏறலாமா வேணாமான்னு ஏறுறவங்க முடிவு பண்ணட்டும்."

ஏப்ரல் 11, வெள்ளி

ஒத்திகை அறையில் இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். காது போனதையும், கோப்பு என்று பொய் சொன்னதையும். காது போனதற்கு என் தோளைத் தொட்டார். பொய்க்குக் கையை எடுத்துவிட்டார். "ஒரு மாசமா மறைச்சிருக்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போன் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இயக்குநர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்துவிட்டார். "எப்படிச் செய்யறீங்கன்னு காட்டு" என்றார். அண்ணி என் நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலை நீட்டினார். கடைசிக் காட்சியின் காற்றை ஓடவிட்டேன். ஊன்றுகோல் மெல்ல நகர்ந்தது, ஓரிடத்தில் நடுங்கியது. நான் கோட்டைத் திருத்தினேன். மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை நடுங்காமல் போய்ச் சேர்ந்தது. இயக்குநரின் கழுத்து அதோடு திரும்பியதைப் பார்த்தேன். அவருக்கே தெரியாமல்.

எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "உன் காது எனக்கெதுக்கு? எனக்குக் காத்துதான் வேணும்." வாசல்வரை போய்த் திரும்பி, "இன்னொரு தடவ பொய் சொன்னேன்னு வை, அந்த ஊன்றுகோலாலயே அடிப்பேன்" என்றார்.

"நானே எடுத்துக் குடுப்பேன்" என்றார் அண்ணி.

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் என்னை வைத்திருப்பதற்கு யாரிடம் நன்றி சொல்ல? தெரியவில்லை. இதில் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஊசிகள் முடிந்துவிட்டன. மறுபடி கூண்டு, மறுபடி பட்டன். வலது காதுக்கு வரைந்த கோடு போன மாதம் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. "இனிமே மாறும்னு நான் சொன்னா அது உங்கள ஏமாத்துறது" என்றார் டாக்டர். நேர்மையான மனிதர். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி நடந்து வரும்போது ஒன்று கவனித்தேன். என் வீட்டுக்காரர் என் இடப்பக்கமாக நடந்தார். எப்போதும் வலப்பக்கம்தான் நடப்பார். வண்டி போகும் பக்கம் தான் நிற்க வேண்டும் என்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையிலும் நாற்காலி மாறியிருக்கிறது. கட்டிலிலும் இடம் மாறிப் படுக்கிறார். எப்போதிலிருந்து? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

மே 8, வியாழன்

அரங்கத்தில் முழு ஒத்திகை. அண்ணிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஊன்றுகோலோடு நடக்கிறார். "நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

விளக்கு அணைந்தது. காற்று கிளம்பியது. எனக்கு வழக்கம்போல எல்லாம் ஒரே இடத்தில் கேட்டது, நன்றாகத்தான் இருந்தது. ஒலிப் பலகையில் உட்கார்ந்திருந்தவரும் தலையாட்டினார். திடீரென்று இருட்டிலிருந்து அண்ணியின் குரல்:

"நிறுத்துங்கப்பா! காத்து ரிவர்ஸ்ல போகுது!"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்றார் ஒலிக்காரர்.

"என்ன சரி? ஊருக்குள்ள கெளம்பிக் கடலுக்குள்ள போகுது. கப்பல் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் தள்ளி விட்டுடும்!"

போய்ப் பார்த்தால், மேடைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். நடிகர்கள் கைதட்டினார்கள். அண்ணி ஊன்றுகோலை உயர்த்தி வாங்கிக்கொண்டார். நான் மட்டும் வந்திருந்தால் அரங்கேற்றத்தன்று காற்று தலைகீழாகத்தான் போயிருக்கும். எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

மே 10, சனி

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன்.

மேடையில் மங்கலான நீலம் மட்டும். காற்று கிளம்பியது. எனக்கு அது போவது கேட்காது, இனி எப்போதும் கேட்காது. அதனால் பார்த்தேன். இடப்பக்க ஓரத்தில் ஒரு தலை அசைந்தது. பிறகு அதற்கடுத்தது. வரிசை வரிசையாக, முந்நூறு பின்னந்தலைகளும் இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பின. வயல் மேல் காற்று போவதைப் பார்க்கிற மாதிரி. ஒரு அப்பாவின் மடியில் இருந்த குழந்தை கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தது.

என் இசையைக் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நாடகம் முடிந்து எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் அண்ணியையும் கூப்பிட்டார். "என்னன்னு சொல்லிக் கூப்பிடுறாங்க?" என்று அண்ணி கிசுகிசுத்தார். இடது காதில்தான். தெளிவாகக் கேட்டது.

மே 18, ஞாயிறு

அண்ணி வீட்டுக்குப் போய்விட்டார். நாளை மறுநாள் முதல் வேலைக்குப் போகிறாராம். குழிக்குள் இப்போதைக்கு இறங்கமாட்டேன் என்று தன் தம்பியிடம் சத்தியம் செய்திருக்கிறார். நான் நம்பவில்லை. கிளம்பும்போது பெட்டியைத் தட்டி, "வரேன்யா" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காதில் விசில் இன்னும் இருக்கிறது. இன்று மத்தியானம் வரை அதை மறந்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணியிடமிருந்து ஓர் ஒலிக் கோப்பு வந்தது. கைபேசியில் பதிவு செய்தது. தொடக்கத்தில் அவர் குரல்: "இது புதுக் கட்டடம். குழிக்குள்ள காத்து பூந்தா எட்டாவது மாடிகிட்ட ஒரு முனகல் முனகுது. உனக்கு ஆகும்னு தோணிச்சு. ஆகலைன்னா அழிச்சுடு."

கணினியில் ஏற்றிக் கேட்டேன். லிஃப்ட் ஏறுகிறது, கயிறு சிணுங்குகிறது. எட்டாவது மாடிக்குப் பக்கத்தில் அந்த முனகல். ஆளில்லாத அறையில் யாரோ பாட்டை ஆரம்பிக்கப் போகிற மாதிரி. அடுத்த நாடகத்தின் முதல் சத்தம் கிடைத்துவிட்டது.

நான்காவது நிமிடத்தில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. ஆனால் திரையில் கோடு இன்னும் நீண்டுகொண்டே போனது. தட்டையாக இருந்துவிட்டு, கடைசியில் சின்னச் சின்ன மேடுகள். நிறுத்த மறந்துவிட்டார். வெட்டி எறியத்தான் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒலியைக் கூட்டினேன்.

ஓர் ஆண் குரல், கூட வேலை பார்ப்பவராக இருக்கும்: "யாருக்கு அனுப்புறீங்க?"

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. மியூசிக் போடுறவ."

"அந்த ஒரு காது கேக்காதவங்களா?"

"ஆமா. அவகூட உக்காந்தப்புறம்தான் எனக்கு இந்த முனகலெல்லாம் காதுல விழுது. இருபத்தாறு வருஷமா பழுத மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்... அய்யய்யோ, இது இன்னும் ஓடுது போலிருக்கே..."

அதோடு முடிகிறது.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் செய்தேன். "கெடச்சுது அண்ணி. ரொம்ப நல்லா இருக்கு."

"எல்லாத்தையும் கேட்டியா?" என்றார், ஒரு மாதிரிக் குரலில்.

"கேட்டேன்."

அவர் பக்கத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி வை. எனக்கு வேல கெடக்கு" என்றார். வைக்கவில்லை.